சிவப்புத் தண்டு நாற்றைப் பிடுங்க வேண்டாம்

அடுத்த வாரம் நான் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறேன். இங்கே நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் நம் முதலாளி அண்ணாச்சி. “ரிட்டயர்டு ஆபீசர் கணக்கா நாலு வார்த்தை எழுதுலே” என்றார். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. புத்தி சொல்லும் வயது இல்லை. இருந்தாலும் நான் இங்கே பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

மண் கலப்பது, பை நிரப்புவது, எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் என்பதையெல்லாம் பாக்கியம் அக்கா சொல்லித் தருவார். அதில் நான் வாயைத் திறந்தால் அவருக்குப் பிடிக்காது. நான் சொல்ல வந்தது விதையைப் பற்றி. அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாத்தியில் கோழிக்கொண்டை நாற்று முளைத்து நிற்கிறது. பாதிக்கு மேல் பச்சைத் தண்டு. இடையிடையே சிவப்புத் தண்டும் இருக்கும். களை எடுக்கும்போது அந்தச் சிவப்பைக் கலப்பு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். கலப்புதான். ஆனாலும் பிடுங்க வேண்டாம்.

என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்காரர்கள். எங்கள் வீட்டில் பாத்தி என்றால் உப்புப் பாத்தி. அதில் ஏதாவது முளைத்தால்தான் பிரச்சினை. கல்லூரியில் தாவரவியல் கிடைத்தது என்று சொன்னபோது அம்மா, “செடி கொடியப் பத்தி மூணு வருசமா படிக்கணும்?” என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். 

இந்த வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது, மூன்று வருடமும் போதாது என்று. காய்ந்த பூவைக் கையில் கொடுத்து இதில் விதை எது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். எனக்கு முன்னால் இங்கே இருந்த ஒருவர் ஒரு பெரிய பாட்டில் நிறையக் கேந்திப் பூ விதை சேர்த்து வைத்திருந்தாராம். விதைத்தபோது நாலு நாற்றுகூட வரவில்லை. அவ்வளவும் பதர். கேந்தியில் கறுப்பாக, விறைப்பாக, நகத்தால் வளைத்தால் வளையாமல் இருப்பதுதான் விதை. வெளுத்துப் போய் வைக்கோல் துணுக்கு மாதிரி வளைவது சும்மா கூடு. வாடாமல்லியில் விதை பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும். காசித்தும்பைக் காயைக் கையால் மூடிக்கொண்டு பறியுங்கள். இல்லாவிட்டால் வெடித்து உங்கள் மூக்கில்தான் அடிக்கும். அந்திமந்தாரையை யாரும் தவற விட மாட்டார்கள், மிளகு மாதிரி தரையிலேயே கிடக்கும்.

கோழிக்கொண்டைதான் ஏமாற்றும். கொண்டை அழகாக மேலே இருக்கும். எல்லோரும் அதையே பார்ப்பார்கள். விதை கீழே, தண்டை ஒட்டிய வெல்வெட் மாதிரிப் பகுதியில் இருக்கும். பொடிப் பொடியாக, கறுப்பாக, நண்டுக் கண் போல மினுங்கும். எந்த நிறக் கோழிக்கொண்டைக்கும் விதை ஒரே மாதிரிதான். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் விதையில் வித்தியாசம் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. நான் சொல்லப்போகிற விஷயம் அதில்தான் போய் முட்டியது.

முத்தையாபுரத்தில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். நாசரேத்தில் பிறந்து வளர்ந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அந்த மனுசருக்குத் தோட்டம்தான் உயிர். அவர் வீட்டுக் கோழிக்கொண்டையை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, அரைத்த சந்தனம் போல ஒரு நிறம். வருடா வருடம் அவரே விதை எடுத்து, அவரே விதைப்பார். அந்த வருடமும் இருந்த விதையெல்லாம் விதைத்து, நாற்றைப் பிடுங்கி நட்டார். நட்ட சில வாரத்தில் ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அதன் பிறகுதான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள எங்களைக் கூப்பிட்டார் டீச்சர். நானும் பாக்கியம் அக்காவும் போவோம். செடிகள் நன்றாக வந்தன. பூத்ததைப் பார்க்கத்தான் நட்டவர் இல்லை. டீச்சர் ஒரு பூவைக்கூட வெட்ட விட மாட்டார். வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தபோது மட்டும், முதலில் பூத்த, இருந்ததிலேயே பெரிய கொண்டையைத் தன் கையால் வெட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வீடு விலையாகிவிட்டது. வாங்கியவர் தோட்டத்தை அழித்துக் கார் நிறுத்த இடம் கட்டப்போகிறார் என்று டீச்சரே எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “செடியத் தூக்கிட்டுப் போக முடியாது. விதை மட்டும் எடுத்துத் தாங்க தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். நான் சரி என்றேன். அது ஒரு பெரிய வாக்கு என்று அப்போது தோன்றவில்லை. கோழிக்கொண்டைதானே, ஒரு பூவிலேயே கைப்பிடி விதை கிடைக்கும்.

மற்ற பூக்களில் விதை முழுதாக முற்றுவதற்குள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது வெட்டினால் விதை பிஞ்சு. விட்டுவைத்தால் மழையில் கொண்டை அழுகிவிடும், அல்லது பூவிலேயே விதை முளைத்துவிடும். யாரைக் கேட்பது? நீளத் தண்டோடு வெட்டித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் தண்டில் உள்ள சத்தை வைத்தே ஓரளவு முற்றும் என்று முடிவு செய்தேன். வெட்டினோம். நம் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். கீழே பேப்பர் விரித்தோம். இப்போது நினைத்தாலும் அந்த முடிவு சரிதான். அன்றைக்கே விளாத்திகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத் தோட்ட வேலைக்கு நான் போக வேண்டியிருந்தது. போனேன். மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர் போய், திரும்பி வர முடியாமல் அங்கேயே கிடந்தேன்.

இங்கே என்ன நடந்தது என்பதைப் பாக்கியம் அக்கா சொல்லித்தான் தெரியும். கொட்டகைக் கூரை, கயிறு கட்டிய இடத்துக்கு நேராக ஒழுக ஆரம்பித்தது. அக்கா ஒரு சொட்டு படுவதற்குள் எல்லாவற்றையும் அவிழ்த்தார். எங்கே வைப்பது? தரையில் ஈரம். மூலையில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன, நல்ல மொறுமொறுப்பாக. அதன் மேல் பூக்களைப் பரப்பினார். இன்னொரு சாக்கை எடுத்து, தொட்டில் பிள்ளைக்குப் போர்த்துவது போல மேலே போர்த்தினார்.

அவை உப்புச் சாக்குகள்.

வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் உப்புச் சாக்கு இருக்காது. நம் ஊரில் அது இல்லாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் வாசலுக்கு மிதியடி அதுதான், குளிக்கும் இடத்துக்கு மறைப்பு அதுதான், சின்ன வயதில் நான் உட்கார்ந்து பாடம் படித்ததும் அதன் மேல்தான். அக்காவும் உப்பளத்துக் குடும்பம். உப்பு மழைக்காலத்தில் நீர் விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பேசத் தெரிவதற்கு முன்பே தெரியும். ஆனால் சாக்கு காலிதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சணல் இழைக்குள் உப்பு இருந்துகொண்டே இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தது. கூரை அந்த மூலையில் ஒழுகவே இல்லை. இருந்தும் நான் வந்து மேல் சாக்கைத் தூக்கியபோது அது பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. பூக்கள் கறுத்துப் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கிடைத்த விதையையெல்லாம் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஆற்றி, கொஞ்சத்தை ஈரத் துணியில் முடிந்து வைத்தேன். தினமும் பிரித்துப் பார்த்தோம். முளை வர வேண்டிய நாள் வந்து, போய்விட்டது. பிஞ்சாக இருந்ததாலா, உப்பாலா, பூஞ்சணத்தாலா, தெரியவில்லை. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் டீச்சர் போன் செய்தார். மறுநாள் காலையில் லாரி வருகிறதாம். விதையைச் சாயங்காலம் கொண்டுவந்து தர முடியுமா, இல்லை அவர் வந்து வாங்கிக்கொள்ளவா என்று கேட்டார். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி உள்ளே போனார். திரும்பி வந்து என் முன்னால் ஒரு பாக்கெட்டை வைத்தார். பெங்களூரில் இருந்து வரும் விதை. வெளிர் மஞ்சள் கோழிக்கொண்டை.

“இதப் பிரிச்சு ஒரு கவர்ல போட்டுக் குடுத்துரு” என்றார். “கிட்டத்தட்ட அதே கலருதான்.”

“அண்ணாச்சி, இது அவங்க விதை இல்லையே.”

“ஏலே, புருசனப் பறிகொடுத்துட்டு, வீட்டையும் வித்துட்டு ஊர விட்டுப் போற பொம்பள. போற அன்னைக்கு அவங்கள அழ வச்சு அனுப்பணுமா? விதையப் பாத்து யாரு கண்டுபிடிக்கப் போறா?”

அண்ணாச்சியைத் தவறாக நினைக்காதீர்கள். கடையின் பேரைக் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. அவர் குரலே கம்மியிருந்தது. அதுதான் சிக்கல். பொய் சொல் என்று ஒருவர் மிரட்டினால் மறுப்பது சுலபம். இரக்கப்பட்டுச் சொன்னால் மறுக்க வாய் வராது. பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன். இன்னொரு கையில் செத்துப்போன விதை. இரண்டும் நண்டுக் கண்கள்தான். வித்தியாசமே இல்லை.

கவரை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். ஒவ்வொரு கவரிலும் பூவின் பேரை நான் எழுதுவது இங்கே வழக்கம். ஒரு முறை மதியச் சோறு கொண்டுவந்த என் அம்மா, நான் எழுதுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், “எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீ எழுதுததுனாலதான் இது இன்ன பூன்னு ஆகுது, என்ன?” எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் பெருமையாகத்தான் கேட்டாள். அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. விதை தானாகப் பேசாது. அது முளைத்துப் பூக்கும் வரை அதற்கு இருப்பது கவரில் உள்ள பேர் மட்டும்தான். படித்தவன் எழுதினான் என்று அதை நம்பி ஒருவர் மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, மாதக்கணக்கில் காத்திருப்பார். டீச்சர் அந்தச் செடியோடு பேசவும் செய்வார். அவர் கணவர் கை பட்ட விதை என்று நினைத்து.

பேனாவை மூடினேன். “நான் போய் நடந்ததச் சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி” என்றேன்.

அவர் பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “சொல்லுததுனா நேர்ல சொல்லு. போன்ல சொல்லாத” என்றார்.

நான் சைக்கிளை எடுத்தபோது பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். நீங்கள் வர வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். “சாக்குல போட்டது நீயா?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

டீச்சர் வீட்டில் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஷோகேஸ் மட்டும் இன்னும் காலியாகவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கவரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்காதான் பேசினார்.

“டீச்சரம்மா, விதை இல்ல. எல்லாம் போச்சு. நாந்தான் உப்புச் சாக்குல போட்டேன்.”

டீச்சர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் புயலில் இருந்து ஈரத் துணி வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட் விதையைப் பற்றிக்கூடச் சொன்னேன், அதைக் கொண்டுவரவில்லை என்பதையும். அவர் வெளியே தோட்டத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய அடித்தண்டுகள் மட்டும் மழைத் தண்ணீரில் நின்றன. பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

“மழையில நனைஞ்சிரக் கூடாதுன்னுதான அதுல எடுத்து வச்ச?”

“ஆமா டீச்சரம்மா” என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பெறகு ஏன் அழுத?” என்றார். எழுந்து உள்ளே போய், எங்களுக்குக் காபி கொண்டுவந்தார். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டது என்று இரண்டு எவர்சில்வர் டம்ளரில்.

நான் தலையைத் தூக்காமல் காபியைக் குடித்தேன். டீச்சர் பேச்சை மாற்றுவதற்காக ஷோகேஸைக் காட்டினார். அங்கே அவர் கணவரின் படம் இருந்தது. அதற்கு முன்னால் வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு, அதன் மேல் ஒரு பித்தளை டம்ளர், டம்ளரில் ஜெபக் கூட்டத்துக்காக அவர் வெட்டிய அந்தப் பெரிய கொண்டை. காய்ந்து, நிறம் லேசாக மங்கியிருந்தது.

“எங்க சபையில படத்துக்கு மாலை போடுத வழக்கம் கிடையாது தம்பி. ஒரு பூ வைக்கலாம்லன்னு வச்சேன். அதுக்கும் தண்ணி ஊத்த மறந்துட்டேன். அந்த ஞாபகமே இல்லாமப் போச்சு. அவங்க இருந்தா அதுக்கே ஏசியிருப்பாங்க” என்றார். பிறகு, விரிப்பைச் சுட்டிக்காட்டிச் சொன்னார், “அதுல பூச்சி வேற வந்துட்டு. தெனமும் கறுப்பா எச்சம் போட்டு வைக்கி. நானும் தட்டித் தட்டி விடுதேன். இன்னைக்குப் பெட்டி கட்டுத அவசரத்துல தட்டல.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். விரிப்பின் நூல் கண்ணிகளில் கறுப்புப் பொடி சிக்கிக் கிடந்தது. விரல் நுனியால் ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நசுக்கினேன். நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது. எச்சம் மினுங்காது.

“அக்கா” என்றேன். விரலை அவர் பக்கம் நீட்டினேன்.

பாக்கியம் அக்கா வந்து குனிந்து பார்த்தார். டீச்சரின் மேஜையில் கிடந்த பழைய காலண்டர் தாளை எடுத்து விரிப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் கொண்டையைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டினேன். தாளின் மேல் மணல் விழுவது மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டீச்சரும் கேட்டார். தட்டிக்கொண்டே இருந்தேன். விழுந்துகொண்டே இருந்தது. செடியில் முற்றிய பூ. டம்ளரில் தண்ணீர் இல்லாததால் அழுகாமல் காய்ந்த பூ. மழை தொடாத கூடத்தில், அவர் படத்துக்கு முன்னாலேயே இருந்து தினம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது.

“நான் துடைச்சுல்லா விட்டேன் இத்தன நாளும்” என்றார் டீச்சர்.

“இருக்கதே போதும் டீச்சரம்மா” என்றார் அக்கா. “ஒரு தெருவுக்கே காணும்.”

தோட்டத்தில் கிடைக்க வேண்டியதில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. ஒரு ஸ்பூன் இருக்கும். கவரை எடுத்து, கோழிக்கொண்டை, சந்தன நிறம் என்று எழுதினேன். அப்படி எழுதும்போது ஒன்றையும் சொல்லிவிட்டேன்: பக்கத்து வீட்டுச் சுவரோரம் சிவப்புக் கோழிக்கொண்டை நிற்கிறது, வண்டு இரண்டிலும் உட்கார்ந்திருக்கும், அதனால் சில நாற்று சிவப்பாக வரலாம், தண்டைப் பார்த்தாலே தெரியும், பிடுங்கிப் போட்டுவிடுங்கள் என்று. அவர் தலையாட்டிக்கொண்டார். கவரை மூடுவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து, காலண்டர் தாளைக் கிழித்து மடித்து, பாக்கியம் அக்காவின் கையில் வைத்தார். “சாக்குல போட்டுராத” என்றார். அன்றைக்கு முதல் முறையாக அக்கா சிரித்தார்.

பொங்கல் எல்லாம் கழிந்து ஒரு நாள், கோயம்புத்தூரில் இருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. மாடி பால்கனியில் தொட்டி. நாற்றுகள் நெருக்கமாக நின்றன. பச்சைத் தண்டுகளுக்கு நடுவே அங்கங்கே சிவப்புத் தண்டு. கீழே எதுவும் எழுதவில்லை. நான் போன் செய்து, நன்றாக முளைத்திருக்கிறது டீச்சர், சிவப்பு மட்டும் இப்பவே பிடுங்கிவிடுங்கள், விட்டால் அடுத்த வருடம் கலப்பு கூடிவிடும், சந்தனம் குறைந்துகொண்டே போகும் என்று சொன்னேன். தொழில்படி அதுதான் சரி. நீங்கள் வேறு எங்கே வேலை பார்த்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

டீச்சருக்கு மனசில்லை.

“சாயங்காலமானா அவங்க அந்தச் சுவத்து ஓரந்தான் நிப்பாங்க தம்பி. பக்கத்து வீட்டுக்காரர்ட்ட பேசாம ஒரு நாளும் இருந்ததில்ல. காபி ஆறிப் போகும், கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. அந்தப் பேச்சும் சேந்துதான் முளைச்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

கேட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் இருப்பது பாக்கியம் அக்காவின் அந்தச் சிட்டிகையில் இருந்து வந்த வம்சம். விதை எடுக்கும்போது சந்தன நிறப் பூவைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் எடுங்கள். கவரில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். ஆனால் நாற்றுப் பருவத்தில் எதையும் பிடுங்க வேண்டாம். காலையில் தண்ணீர் ஊற்றும்போது அக்கா அந்தச் சிவப்புத் தண்டுகளுக்கும் சேர்த்துத்தான் ஊற்றுவார், ஏதோ முணுமுணுத்துப் பேசிக்கொண்டே. அப்போது மட்டும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.